மொழி தெரியாத ஊரில் எலும்பு மருத்துவரிடம்

தியாகராய நகரில் கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞர் சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். மேற்கு வங்கத்தின் மால்டா மாவட்டத்துக்காரர். வலது முன்கை வீங்கியிருந்தது. அதைத் துண்டால் சுற்றிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார். உடன் வந்த நண்பருக்கு இருபது முப்பது தமிழ்ச் சொற்கள் தெரியும். சாரத்திலிருந்து விழுந்த கதையை இருவரும் கைகளாலேயே நடித்துக் காட்டினார்கள். அதில் ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை. எப்போது விழுந்தார் என்று கேட்டோம். நோயாளி இடது கையின் மூன்று விரல்களை நிமிர்த்திக் காட்டினார். மூன்று நாள் என்று சீட்டில் எழுதிக்கொண்டோம்.

எக்ஸ்ரே படம் வந்தபோது, முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பின் நிழல் மெல்லிய பஞ்சுபோல் படர்ந்திருந்தது. பெரியவர்களின் எலும்பில் அந்த நிழல் தெரிவதற்கு இரண்டு மூன்று வாரங்களாவது ஆக வேண்டும். அவர் காட்டிய மூன்று, மூன்று வாரம். மூன்று நாளான முறிவை மரத்துப்போகச் செய்து, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட முயலலாம். மூன்று வாரத்தில் எலும்பு கோணலாகவே பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். அதை அதே முறையில் இழுப்பது நோயாளிக்கு வேதனையைத் தருமேயன்றிப் பயன் தராது. அன்று அந்தப் படம் எங்களைக் காப்பாற்றியது. எல்லா நோய்க்கும் அப்படி ஒரு படம் கிடைப்பதில்லை.

மருத்துவத் துறைகளுள் மொழியின்றி அதிக தூரம் செல்லக்கூடியது எலும்பு மருத்துவமே என்று நாங்கள் எண்ணுவதுண்டு. நோகும் இடத்தைச் சுட்டிக் காட்டலாம்; மடக்கிக் காட்டலாம்; மருத்துவர் அழுத்தும்போது முகம் சுளித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால், விரலால் காட்ட முடியாதவை சில உண்டு. காலம் அவற்றுள் ஒன்று. ஏற்கெனவே உண்டுவரும் மருந்துகள் மற்றொன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்பது இன்னொன்று. மொழி தெரியாத ஊரில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இவற்றைச் சுற்றியே நேர்வதை நாங்கள் பார்த்து வருகிறோம்.

இதைத் தமிழ் வாசகர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்? மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இன்று வெளிநாட்டில் ஒரு பிள்ளையேனும் இல்லாத வீடு குறைவு. பேரன் பிறந்தால் ஆறு மாதம், பேத்திக்குப் பள்ளி விடுமுறையென்றால் இரண்டு மாதம் என்று அறுபது வயதைக் கடந்தவர்கள் விமானம் ஏறுகிறார்கள். போன இடத்தில் பனியில் வழுக்குகிறது. குளியல் தொட்டியின் விளிம்பு தடுக்குகிறது. அந்த ஊர்த் தெருமுனை மருத்துவமனையின் நாற்காலியில் உட்காரும்போது, மூன்று விரல்களை நிமிர்த்திக் காட்ட வேண்டிய இடத்தில் நாம் இருப்போம்.

இது நமக்குப் புதிய அனுபவமும் அன்று. எலும்பு முறிந்தால் சென்னையிலிருந்து ஆந்திரத்துப் புத்தூருக்குப் போய் மூங்கில் பத்தையும் பச்சிலையும் முட்டை வெண்கருவும் வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பிய தலைமுறைகள் நம் குடும்பங்களில் உண்டு. தெலுங்கு தெரியாதவர்களும் போனார்கள். கட்டுபவரின் கை, கட்டிக்கொள்பவரின் முகத்தைப் பார்த்தே வேலை செய்தது. அந்தக் கட்டு எல்லா முறிவுக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் காயத்துக்கும், விரல்கள் நீலம் பாரித்த கைக்கும் அது ஆபத்தே. அங்கேயும் மொழி தெரியாதவர்கள் இடறியது கட்டுப் போடும்போது அன்று. ஊருக்குத் திரும்பிய பிறகு கட்டு இறுகினால் என்ன செய்வது என்று கேட்டு வராமல் போனதில்தான்.

இந்தக் கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தவர், லஸ் பகுதியில் வசிக்கும் எங்கள் நெடுநாள் நோயாளி ஒருவர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வயது அறுபத்தெட்டு. பெயரைத் தவிர மற்றவற்றை எழுத அனுமதி தந்திருக்கிறார். தோக்கியோவில் எடோகாவா வட்டாரத்தின் நிஷி கசாய் என்னும் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவருடைய மகளும் மருமகனும் அங்கே இருக்கிறார்கள். அம்மையார் அங்கே தங்கியிருந்தபோது மாடிப்படியில் இடறி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மகளுக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. மருமகன் ஜப்பானிய மொழியில் கடைக்குப் போய் வரும் அளவுக்குத் தேர்ந்தவர். இருவருமாக, வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்த ஒரு சிறிய எலும்பு மருத்துவமனைக்குப் போனார்கள்.

போவதற்கு முன்பே ஒரு தடுமாற்றம். ஜப்பானில் எலும்பு, மூட்டு மருத்துவத்தைச் ‘செய்கெய் கெக்கா’ என்பார்கள். ‘கெய்செய் கெக்கா’ என்றும் ஒரு துறை உண்டு. அது ஒட்டறுவை சிகிச்சை. ஓரசை இடம் மாறினால் போய்ச் சேரும் மருத்துவமனையே மாறிவிடும். மருமகன் முதலில் தொலைபேசியில் அழைத்தது இரண்டாவதைத்தான்.

சரியான இடத்தில் வாசலிலேயே காலணியைக் கழற்றச் சொல்லி உள்ளே நடக்க வேறு செருப்புத் தந்தார்கள். அம்மையாருக்கு அது நம் வீட்டுப் பழக்கம்போல் இருந்ததாம்; அச்சம் பாதி அங்கேயே தணிந்தது என்றார். பிறகு ஒரு படிவம் வந்தது. மோன்ஷின்ஹ்யோ என்னும் அந்த வினாத்தாளில் எங்கே வலி, எப்போதிலிருந்து, முன்பு என்ன நோய்கள், எந்த மருந்து ஒவ்வாது என்றெல்லாம் கேட்டிருக்கும். மனித உருவம் ஒன்றும் வரைந்திருந்தது. நோகும் இடத்தை வட்டமிட வேண்டும். வட்டமிடுவது எளிதாயிற்று. மற்றக் கேள்விகளை மருமகன் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிக் காட்டிப் படித்தார். ‘முன்பு வந்த நோய்கள்’ என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். மாமியாருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவை வந்துபோன நோய்கள் அல்லவே, இப்போதும் இருப்பவைதாமே என்று எண்ணினாராம்! இதற்காக அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நம் ஊர்ப் படிவங்களைத் தமிழிலேயே படித்து இதே விடையை எழுதுபவர்களை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம்.

படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, தசைநார் பிசகியிருந்தது. மருத்துவர் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை போட்டு, உள்ளுக்கு வலிமாத்திரையும் மேலே ஒட்டிக்கொள்ள மருந்துத் தாள்களும் எழுதித் தந்தார். நம் ஊரில் களிம்பு தடவுவதுபோல் ஜப்பானில் ஷிப்பு எனப்படும் இந்த ஒட்டுத்தாளைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அம்மையாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் நாள் வரை ஒட்டிக்கொண்டார்.

சென்னைக்கு வந்த பத்தாம் நாள் அவர் எங்களிடம் வந்தார். மணிக்கட்டு வலி போய்விட்டது. ஆனால் அதே இடத்தில் தோல் சிவந்து, தடித்து, சிறு கொப்புளங்களோடு அரித்தது. வியப்பு என்னவென்றால், அந்தச் சிவப்புக்கு நான்கு மூலைகள் இருந்தன. அளவுகோல் வைத்து வரைந்தாற்போல் நீள்சதுரம். தினமும் காலையில் நாகேசுவரராவ் பூங்காவில் ஒரு மணி நேரம் நடப்பதாகச் சொன்னார். தாளின் உறையைக் கேட்டோம். அவர் படித்துக்கொண்டிருந்த நாவலில் பக்கம் தவறாமலிருக்க அதை அடையாளமாக வைத்திருந்தார். படமெடுத்து மகளுக்கு அனுப்பினோம். அவர் ஜப்பானிய நண்பர் ஒருவரிடம் காட்டினார். கீட்டோபுரோஃபென் என்னும் மருந்து தோய்த்த தாள் அது. அந்த மருந்து தோலில் தங்கியிருக்கையில் வெயில் பட்டால் சிலருக்கு இத்தகைய புண் உண்டாகும். ஒட்டியிருக்கும்போது மட்டுமன்று, எடுத்த பின்னும் குறைந்தது நான்கு வாரம் அந்த இடத்தை வெயிலிலிருந்து மறைத்து வைக்க வேண்டும் என்று உறையில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். மருந்துக்கடைப் பெண்மணியும் சன்னலை நோக்கிக் கைகாட்டித் தலையை அசைத்து ஏதோ சொன்னாராம். மழை வரப்போகிறது என்று சொல்வதாக அம்மையார் புரிந்துகொண்டார்.

புண் சில வாரங்களில் ஆறியது. ஆனால் பேச்சுவாக்கில் வேறொன்றும் தெரியவந்தது. எங்களை உண்மையில் திடுக்கிட வைத்தது அதுதான். ஜப்பானிய மருத்துவர் தந்த வலிமாத்திரையின் பெயர் கலோனால். ஒரு மாத்திரை 500 மில்லிகிராம், நாளொன்றுக்கு மூன்று. வலி அடங்காத நாட்களில் அதோடு சென்னையிலிருந்து கொண்டுபோயிருந்த டோலோ 650 மாத்திரையையும் மூன்று வேளை போட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்று அந்த ஊர் மருந்து, மற்றொன்று நம் ஊர் மருந்து. இரண்டும் வேறு என்ற நினைப்பு. இரண்டும் ஒன்றே. நாம் பாராசிட்டமால் என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். கூட்டிப் பார்த்தோம்: நாளொன்றுக்கு 3450 மில்லிகிராம். உடல்நலமுள்ள பெரியவர்களுக்குச் சொல்லப்படும் உச்ச அளவே 4000. அறுபத்தெட்டு வயதில், ஒல்லியான உடலில், கல்லீரலைப் பற்றி யாரும் விசாரிக்காத நிலையில், அது நாங்கள் எழுதித் தரக்கூடிய அளவன்று.

ஆகவே பயணத்துக்கு முன் செய்துகொள்ள வேண்டிய ஒரே ஆயத்தம் எதுவென்று எங்களைக் கேட்டால், மருந்துகளின் பெயர்ப்பட்டியல் என்றே சொல்வோம். கடைப்பெயர் போதாது; மருந்தின் பொதுப்பெயரை எழுத வேண்டும். எகோஸ்பிரின் என்று எழுதினால் வேற்றுநாட்டு மருத்துவர் விழிப்பார். ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் என்று எழுதினால் உலகில் எங்கும் புரியும். அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருப்பது அந்தப் பொதுப்பெயர்தான். அதை ஆங்கில எழுத்தில், அளவோடும் வேளையோடும் எழுதி, உங்கள் மருத்துவரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும்; மூட்டில் ஊசி போடுவதற்கு முன்பும், சில வலிமாத்திரைகளைத் தருவதற்கு முன்பும் எந்த ஊர் மருத்துவரும் அறிந்துகொள்ள விரும்புவது அது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஒவ்வாத மருந்து, உடலில் முன்பே பொருத்திய உலோகத் தகடு, இதயத்துக்கான பேஸ்மேக்கர் ஆகியவை அடுத்த வரிகளுக்கு உரியவை. ஜப்பானியர் பலரும் ‘ஒகுசுரி தெச்சோ’ என்று ஒரு சிறிய மருந்துக் கையேடு வைத்துக்கொள்கிறார்கள். எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் புதிய மருந்தின் விவரத்தை அதில் ஒட்டித் தருகிறார்கள். நம் ஊரிலும் இந்தப் பழக்கம் வரவேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். துணிக்கடைப் பையில் சீட்டுகளைத் திணித்துக்கொண்டு வரும் வழக்கம் மாறக் காணோம்.

பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். மூட்டுவலிக்காக இங்கே எழுதித் தரப்படும் டிராமடால் கலந்த மாத்திரை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதியின்றிக் கொண்டுபோவது சட்டச் சிக்கலில் முடியலாம். மார்பின் வகை மருந்துகளுக்கு ஜப்பானிலும் முன் அனுமதி வேண்டும். துபாய்க்குப் போகிறோம், முட்டிவலி மாத்திரைதானே என்று எண்ண வேண்டா. போகும் நாட்டின் பெயரைச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வேறு மருந்து மாற்றித் தர முடியும்.

இனி, வலியைச் சொல்லும் சொற்கள். தமிழ் இதில் செல்வமுடைய மொழி. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, மதமதப்பு என்று ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒவ்வொரு திசையைக் காட்டும். குடைகிறது என்றால் மூட்டையோ எலும்பையோ நினைக்கிறோம். சுருக்கென்று இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஓடுகிறது என்றால் நரம்பு அழுந்துகிறதோ என்று பார்க்கிறோம். இந்தச் செல்வம் எல்லைக்கு அப்பால் செல்லாது. செயலியில் போட்டால் அனைத்தும் ‘வலி’ என்ற ஒரே சொல்லாக வெளிவரும். வேடிக்கை என்னவெனில், ஜப்பானியரும் நம்மைப்போல் இரட்டைக்கிளவியில் வலியைச் சொல்பவர்கள். நாம் விண்விண் என்று தெறிக்கிறது என்போம். அவர்கள் ஜுகிஜுகி என்பார்கள். ஊசி குத்துவதுபோன்ற வலி சிக்குசிக்கு. மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வலி பிரிபிரி. எடுத்துச் செல்ல எளிய வழி, வலியின் பெயரை விட்டுவிட்டு வலி செய்வதை எழுதுவது: இரவில் எழுப்புகிறது, படி இறங்கும்போது கூடுகிறது, ஏறும்போது இல்லை, பத்து நிமிடம் நடந்தால் கால் மரத்துப்போகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. இவ்வாக்கியங்கள் எந்த மொழியிலும் உடையாமல் போய்ச் சேரும்.

உடலுறுப்புகளின் பெயர்களும் நம்மை ஏமாற்றும். ‘கால்’ என்று தொடையிலிருந்து பாதம் வரை அனைத்தையும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பாதத்துக்கு ஒரு சொல், அதற்கு மேற்பட்ட காலுக்கு வேறு சொல். ‘நரம்பு’ என்று நம் வீடுகளில் சொல்வது சில வேளை நரம்பு, சில வேளை இரத்தக் குழாய், பெரும்பாலும் தசைநார். எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘இடுப்பு’. அடிமுதுகையும் இடுப்பு என்கிறோம். தொடை வந்து சேரும் பந்துக்கிண்ண மூட்டையும் இடுப்பு என்கிறோம். அமெரிக்காவில் பேரனோடு மருத்துவரிடம் சென்ற அடையாற்றுப் பெரியவர் ஒருவர் இடுப்புவலி என்றார். பேரன் அகராதிப்படி சரியாகவே மொழிபெயர்த்தான். இடுப்பு மூட்டைப் படமெடுத்தார்கள். அது நன்றாக இருந்தது. கோளாறு முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருந்தது. அது தெரிய மேலும் மூன்று வாரம் ஆயிற்று. ஆகையால் சொல்லாதீர்கள், ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். உள்ளங்கையால் தடவிக் காட்டுவதும் போதாது. அது முதுகு முழுவதையும் குறிக்கும்.

தலையசைப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் ‘சரி’ என்பதற்குத் தலையை இருபுறமும் ஆட்டுகிறோம். பிற நாட்டார் பலருக்கு அது ‘இல்லை’ என்றோ, தயக்கம் என்றோ தோன்றும். “இங்கே வலிக்கிறதா?” என்ற கேள்விக்கு வாயால் ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் நம் பெரியவர்கள் இரண்டு என்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு முனகுவார்கள். வெளிநாட்டுச் செலவுக்கு அஞ்சிப் பிள்ளையின் எதிரில் வலியைக் குறைத்துச் சொல்லும் தாய்மாரை நாங்கள் அறிவோம்.

இங்கே மொழிபெயர்ப்பவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மகனோ பேரனோ உடன் வருவது பெரும் ஆறுதல். அதை வேண்டாவென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தினர் மொழிபெயர்ப்பதில்லை, வடிகட்டுகிறார்கள். மருத்துவர் ஐந்து நிமிடம் சொல்வது “ஒன்றுமில்லையாம் அம்மா” என்று முடிந்துவிடும். மலச்சிக்கலையும் சிறுநீர்த் தடுமாற்றத்தையும் மருமகன் எதிரில் எந்த மாமியார் சொல்வார்? முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அன்றே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய அறிகுறி. அதைச் சொல்லக் கூசினால் கால்கள் செயலிழக்கவும் கூடும்.

1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் பதினெட்டு வயதுக் கியூபக் குடும்பத்து இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். வீட்டார் ‘இன்டாக்சிகாடோ’ என்ற ஸ்பானியச் சொல்லைச் சொன்னார்கள். உண்டது ஒத்துக்கொள்ளாமல் நோயுற்றிருக்கிறான் என்பது அவர்கள் கருத்து. ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய சொல்லுக்குப் போதையில் இருப்பவன் என்று பொருள். போதைமருந்து மிகுந்துவிட்டது என்று கருதியே சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் இரத்தக் கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. இளைஞரின் கைகால்கள் நான்கும் செயலிழந்தன. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டில், அவர் வாழ்நாள் முழுமைக்குமான இழப்பீட்டின் மதிப்பு ஏழு கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அன்று மொழிபெயர்ப்பாளர் எவரையும் அழைக்கவில்லை. இரு தரப்பாரும் தமக்குப் புரிந்துவிட்டது என்றே நம்பினார்கள்.

அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் நோயாளியிடம் கட்டணம் வாங்காமல் மொழிபெயர்ப்பு உதவி தர வேண்டும் என்பது சட்டம். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை நாள் முழுதும் இயங்குகிறது. தமிழும் அதில் உண்டு. பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பிலும், நேரம் குறிக்கும்போதே கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். ‘எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும்’ என்ற பெருமிதம் இந்த ஓரிடத்தில் வேண்டா. ஜப்பானின் தெருமுனை மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எதிர்பார்க்க முடியாது. அங்கே ஆங்கிலமும் காகிதமும் படமுமே துணை. கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்துவோர் சிறு சிறு வாக்கியங்களாகப் பேச வேண்டும். வந்த மொழிபெயர்ப்பை மீண்டும் தமிழுக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கள் செவிலியர் ஒருவர் வங்காள நோயாளியிடம் ‘மாத்திரையைப் பாலில் போட்டுச் சாப்பிடக் கூடாது’ என்பதைத் திருப்பிப் பார்த்தபோது ‘கூடாது’ என்பது காணாமல் போயிருந்தது.

மருத்துவர் விடைகொடுக்கும் நேரம்தான் நோயாளி பரபரப்பாக எழும் நேரம். அப்போது எழுந்துவிடாதீர்கள். மருத்துவர் சொன்னதை உங்கள் சொற்களில், அரைகுறை மொழியிலேனும், அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்: காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள்; பத்து நாள் நனைக்கக் கூடாது; ஊன்றி நடக்கலாம் அல்லது நடக்கக் கூடாது. தவறாயிருந்தால் அவர் திருத்துவார். நாட்களைத் தாளில் எண்ணாக எழுதி வாங்குங்கள். தேதியாகவே இருந்தால் இன்னும் நல்லது. நாள், வாரம் என்ற சொற்களே தேவைப்படாது. மால்டா இளைஞருக்குப் பிறகு நாங்களும் ‘எத்தனை நாளாயிற்று’ என்று கேட்பதை விட்டு, நாள்காட்டியை நீட்டி, விழுந்த நாளைத் தொடச் சொல்கிறோம்.

அறுவை சிகிச்சை என்றால் வலம், இடம் பற்றிக் கூச்சமின்றிக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், அறுக்கும் இடத்தை முன்பே குறியிட்டிருக்கிறார்களா என்று உறுதிசெய்வதும் ஒன்று. குறியிடும்போது விழித்திருந்து, உங்கள் விரலாலும் தொட்டுக் காட்டுங்கள். புரியாத மொழியில் அச்சிட்ட ஒப்புதல் தாளில், உயிர் போகும் அவசரமல்லாத எதற்கும், அன்றே கையொப்பமிட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இராது.

மாவுக்கட்டோடு வீடு திரும்பியவர்கள், மருத்துவர் எந்த மொழியில் என்ன சொல்லியிருந்தாலும், இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுக்குள் வலி மணிக்கு மணி ஏறுவது, விரல்கள் மரத்துப்போவது, நீலமாகவோ வெளுத்தோ போவது, விரலை மெல்ல நீட்டினாலே உயிர் போவதுபோல் வலிப்பது ஆகியவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. உள்ளே இரத்த ஓட்டம் நெருக்கப்படுகிறது; சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். அதுபோலவே, கட்டுப் போட்ட காலோடு நீண்ட விமானப் பயணம் செய்து வந்தவருக்குக் கெண்டைக்கால் ஒருபுறம் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், அது காலில் இரத்தக்கட்டி உண்டானதாகவோ, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றதாகவோ இருக்கலாம். அவசர உதவிக்கு ஜப்பானில் 119, ஐரோப்பிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911. பெரியவர் தங்கும் அறையின் சுவரில் இந்த எண்ணை வீட்டு முகவரியோடு எழுதி ஒட்டிவைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்நிய ஊரில் எண் தெரிந்தும் முகவரி சொல்லத் தெரியாமல் தவித்தவர்கள் உண்டு.

லஸ் அம்மையார் வரும் மாதம் மறுபடியும் தோக்கியோ செல்கிறார். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் மருந்துகள், பொதுப்பெயரோடு. இரண்டாம் பக்கத்தில் நோய்கள்; ‘முன்பு வந்தவை’, ‘இப்போது உள்ளவை’ என்று இரண்டு பத்திகளாக. மூன்றாம் பக்கத்தில் மனித உருவம், முன்புறமும் பின்புறமும்; ஆசிரியையாயிற்றே, நன்றாகவே வரைந்திருந்தார். வலது மணிக்கட்டில் ஒரு சிறிய நீள்சதுரமும், அதன்மேல் கதிர்கள் விரியும் சூரியனும், அதைக் குறுக்கே அடித்த சிவப்புக் கோடும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் மகளைக் கேட்டு எழுதிய ஆறு ஜப்பானியச் சொற்கள், தமிழ் எழுத்தில். அவற்றுள் ஜுகிஜுகியும் ஒன்று.

அந்த நோட்டின் முதல் மூன்று பக்கங்களைப் பின்பற்றி ஒரு வெற்றுப் படிவம் தயாரித்திருக்கிறோம். வெளிநாடு செல்லவிருப்போர் மருந்து அட்டைகளையும் பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துக்கொண்டு, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தால், உடனிருந்து நிரப்பித் தருகிறோம். படிவத்துக்குக் கட்டணமில்லை.